திருத்திய பிறகும் பழைய பக்கமே தெரிவது ஏன்?

ஓர் அறிவிப்பில் தேதி தவறாகப் போய்விட்டது. காலை 10 மணிக்கே தளத்தில் திருத்தியாகிவிட்டது. திருத்தியவர் தன் கணினியில் திறந்து பார்க்கிறார், புதிய தேதி இருக்கிறது. மதியம் ஒருவர் கூப்பிட்டு, "இன்னும் பழைய தேதிதான் இருக்கிறது" என்கிறார். கைபேசியில் திறந்தால் அவருக்கும் புதிய தேதி தெரிகிறது. தன் கணினிக்குத் திரும்பினால் மறுபடி பழையது. இதில் யாரும் தவறாகச் சொல்லவில்லை. சர்வரில், அதாவது தளத்தை வைத்திருந்து அனுப்பும் கணினியில், இருப்பது ஒரே பக்கம்தான். ஆனால் அதன் பிரதிகள் எத்தனையோ கணினிகளிலும் கைபேசிகளிலும் தங்கியிருக்கின்றன, அவை ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரத்தில் எடுக்கப்பட்டவை.

இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில், "கேஷை அழித்துவிட்டுப் பாருங்கள்" என்பது, அதாவது பிரவுசர் சேமித்துவைத்திருக்கும் பிரதிகளை அழிக்கச் சொல்கிறார்கள். கூப்பிட்டுக் கேட்டவருக்கு அது போதும். கூப்பிடாத மற்றவர்கள் என்ன செய்வார்கள்? தாங்கள் படிப்பது பழைய பக்கம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. அந்தத் தேதியை நம்பி மற்ற வேலைகளைத் திட்டமிட்டுவிடுவார்கள். ஆகவே இதைச் சரிசெய்யும் பொறுப்பு தளத்தை நடத்துபவருடையது, அதுவும் திருத்தம் வருவதற்கு முன்பே செய்து வைத்திருக்க வேண்டியது. அதைச் செய்ய முடியும். பிரவுசர் எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்தால் வழியும் புலப்பட்டுவிடும்.

## பிரவுசர் எதை வைத்துக்கொள்கிறது

ஒரு பக்கத்தைத் திறந்தால் முதலில் எச்டிஎம்எல் கோப்பு வருகிறது. எழுத்தும் அமைப்பும் அதில் இருக்கும். அதைப் படித்த பிறகு, அதில் குறிப்பிட்டிருக்கும் மற்றக் கோப்புகளைப் பிரவுசர் கேட்டு வாங்குகிறது: தோற்றத்துக்கு சிஎஸ்எஸ், இயக்கத்துக்கு ஜாவாஸ்கிரிப்ட், அப்புறம் படங்கள், எழுத்துருக்கள். வாங்கியதைச் சாதனத்திலேயே ஓரிடத்தில் சேமித்துக்கொள்கிறது. அந்தத் தற்காலிகச் சேமிப்புக்குத்தான் கேஷ் என்று பெயர். அடுத்த முறை அதே கோப்பு தேவைப்பட்டால் இணையத்தில் போய்க் கேட்காமல் கையிருப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். பக்கம் வேகமாகத் திறக்கும், டேட்டா மிச்சமாகும், சர்வருக்கும் சுமை குறையும்.

இரண்டு விஷயங்களை மனதில் வைத்துக்கொண்டால் இனி வரும் எல்லாம் எளிது.

1. பிரவுசர் ஒரு கோப்பை அதன் முகவரியை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது அதற்குப் பொருட்டல்ல. முகவரி ஒன்றாக இருந்தால் அது அதே கோப்பு.
2. பக்கம் என்று நாம் சொல்வதை அது முழுதாகச் சேமிப்பதில்லை. ஒவ்வொரு கோப்பும் தனித்தனியாகச் சேமிக்கப்படுகிறது, எவ்வளவு காலம் வைத்துக்கொள்ளலாம் என்ற தனிக் கெடு ஒவ்வொன்றுக்கும் உண்டு.

## கெடு யார் வைப்பது

சர்வர் ஒரு கோப்பை அனுப்பும்போது அதற்கு முன்னால் சில குறிப்பு வரிகளையும் சேர்த்து அனுப்பும். இவற்றை ஹெடர் என்பார்கள். வாசகர் கண்ணுக்குத் தெரியாத இந்த வரிகளில்தான் கெடு இருக்கிறது. பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறைக்கு எச்டிடிபி என்று பெயர். 1996-ல் வெளியான எச்டிடிபி 1.0 விதிகளில் 'எக்ஸ்பயர்ஸ்' என்ற ஹெடர் இருந்தது: இன்ன நாள், இன்ன நேரம் வரை இதை வைத்துக்கொள்ளலாம் என்று அது சொல்லும். 1997-ல் வந்த எச்டிடிபி 1.1, 'கேஷ்-கன்ட்ரோல்' என்ற ஹெடரைக் கொண்டுவந்தது. இன்றும் பெரும்பாலும் இதைத்தான் பயன்படுத்துகிறோம். கேஷ் பற்றிய விதிகள் கடைசியாக 2022 ஜூனில் ஆர்எஃப்சி 9111 என்ற இணைய விதி ஆவணமாகத் தொகுக்கப்பட்டன.

கேஷ்-கன்ட்ரோலில் 'மேக்ஸ்-ஏஜ்' என்று ஒரு எண் வரும். அது வினாடிக் கணக்கு. 3600 என்றால் ஒரு மணி நேரம், 86400 என்றால் ஒரு நாள், 31536000 என்றால் ஒரு வருடம். இந்தக் கெடு முடியும் வரை, அந்தக் கோப்பு தேவைப்படும்போதெல்லாம் பிரவுசர் தன் கையிருப்பைத் தயங்காமல் எடுத்துக் காட்டும். "மாறிவிட்டதா?" என்றுகூடச் சர்வரிடம் கேட்காது.

குழப்பத்தின் வேர் இதுதான். எச்டிடிபியில் பேச்சைத் தொடங்குவது எப்போதும் பிரவுசர். அதன் கேஷில் உள்ள பிரதியைச் சர்வர் தானாகப் போய்த் தட்டி எழுப்ப முடியாது. ஒரு நாள் கெடு என்று சொல்லி அனுப்பிய பிறகு, ஐந்து நிமிடத்தில் பக்கத்தைத் திருத்தினாலும், கொடுத்த கெடுவைத் திரும்ப வாங்க வழி இல்லை. சர்வரில் ஹெடரை மாற்றினாலும் அது இனிமேல் கேட்டு வருபவர்களுக்குத்தான் போகும். ஏற்கெனவே வாங்கிச் சென்றவர் பழைய கெடுவைத்தான் பிடித்துக்கொண்டிருப்பார்.

மறுபக்கம், கெடு முடியும் வரை கோப்பு கட்டாயம் இருக்கும் என்றும் இல்லை. இடம் போதாவிட்டால் பிரவுசர் சிலவற்றை முன்பே தூக்கி எறிந்துவிடும். ஒரே நாளில் ஒரே பக்கத்தைப் பார்த்த இருவரில் ஒருவருக்குத் திருத்தம் சீக்கிரம் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

## கெடு முடிந்ததும் நடப்பது

கெடு தாண்டிவிட்டால் பிரவுசர் கையிருப்பை உடனே எறிந்துவிடுவதில்லை. "என்னிடம் இந்தப் பிரதி இருக்கிறது, இன்னும் இதுவே செல்லுமா?" என்று சர்வரிடம் கேட்கும். பிரதியை அடையாளம் காட்ட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 'லாஸ்ட்-மாடிஃபைட்', அதாவது கோப்பு கடைசியாக மாறிய நேரம். இன்னொன்று 'ஈடேக்'. கோப்பின் ஒரு பதிப்புக்குச் சர்வர் கொடுக்கும் அடையாளச் சரம் அது, உள்ளடக்கம் மாறினால் அதுவும் மாறும்.

மாறவில்லை என்றால் சர்வர் 304 என்ற பதிலை மட்டும் அனுப்பும். "உன்னிடம் இருப்பதே சரி" என்று பொருள். கோப்பு மறுபடி வராது, சில வரி ஹெடர்தான் வரும். மாறியிருந்தால் 200 என்ற பதிலோடு புதிய கோப்பு முழுதாக வரும். கேட்டுப் பார்ப்பதற்கு ஆகும் செலவு ஒருமுறை சர்வருக்குப் போய் வரும் நேரம் மட்டும்தான். இதைப் புரிந்துகொண்டவர்கள் எச்டிஎம்எல் பக்கத்துக்கு நீண்ட கெடு வைக்க மாட்டார்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை. பல சர்வர்கள் சேர்ந்து ஒரே தளத்தை நடத்தும் இடங்களில், ஒரே கோப்புக்கு எல்லாச் சர்வரும் ஒரே ஈடேக் தர வேண்டும். அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருளின் 2.2 வரையிலான பதிப்புகள், வட்டில் கோப்பை அடையாளம் காட்டும் ஐநோட் எண்ணையும் ஈடேக்கில் சேர்த்தன. அந்த எண் சர்வருக்குச் சர்வர் வேறுபடும். அதனால் மாறாத கோப்பையும் மாறியதாக நினைத்துப் பிரவுசர்கள் மறுபடி மறுபடி இறக்கின.

## கெடு எதுவும் சொல்லாவிட்டால்

"நாங்கள் கேஷ் எதுவும் வைக்கவில்லையே" என்பவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். ஹெடரில் கெடு இல்லையென்றால் பிரவுசர் சேமிக்காது என்று நினைத்துவிடக் கூடாது. தானே ஊகித்து ஒரு கெடு வைத்துக்கொள்ள விதிகள் அதற்கு அனுமதி தருகின்றன. அந்த ஊகத்துக்கு வழக்கமான கணக்கு இது: கோப்பு கடைசியாக மாறி எவ்வளவு காலம் ஆனதோ, அதில் பத்தில் ஒரு பங்கு.

எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் 200 நாட்களாக மாறவே இல்லை. இன்று ஒருவர் அதைத் திறக்கிறார். "200 நாளாக மாறாதது இன்னும் 20 நாளுக்கு மாறாது" என்று பிரவுசர் ஊகித்துக்கொள்ளலாம். நாளைக் காலை நீங்கள் அந்தப் பக்கத்தைத் திருத்துகிறீர்கள். அவர் அடுத்த வாரம் அதே முகவரிக்கு வந்தால் பழையதே தெரியும். அதே சமயம் நேற்று மாறிய பக்கத்துக்கு இந்தக் கணக்கில் கிடைக்கும் கெடு இரண்டரை மணி நேரம்கூட இல்லை.

அதாவது, அடிக்கடி மாறும் செய்திப் பக்கத்தில் இந்தச் சிக்கல் பெரிதாகத் தெரியாது. வருடக்கணக்கில் அப்படியே இருக்கும் தொடர்பு எண், கட்டண விவரம், விதிமுறை, விண்ணப்பப் படிவம் ஆகியவற்றில்தான் திருத்தம் மிகத் தாமதமாகப் போய்ச் சேரும். மக்கள் அதிகம் நம்புவதும் இந்தப் பக்கங்களைத்தான். கெடு பற்றி ஒன்றும் சொல்லாமல் விடுவதை நடுநிலையான தேர்வாக எண்ண வேண்டாம். முடிவெடுக்கும் பொறுப்பைப் பிரவுசரின் ஊகத்திடம் விட்டுவிடுகிறோம், அவ்வளவுதான்.

## பெயர் குழப்பும் இரண்டு கட்டளைகள்

'நோ-கேஷ்' என்றால் கேஷ் செய்யாதே என்றுதான் யாரும் நினைப்பார்கள். உண்மையில் அதன் பொருள் வேறு: சேமித்துக்கொள், ஆனால் ஒவ்வொரு முறையும் என்னைக் கேட்காமல் பயன்படுத்தாதே. சேமிக்கவே கூடாது என்று சொல்வது 'நோ-ஸ்டோர்'. திருத்தம் உடனே தெரிய வேண்டும் என்பதற்காகத் தளம் முழுக்க நோ-ஸ்டோர் போடுபவர்கள் உண்டு. வேலை நடக்கும், ஆனால் மாறாத கோப்பும் ஒவ்வொரு முறை முழுதாக இறங்கும். மெதுவான இணைப்பில் இருப்பவருக்கு அது அநியாயம். நோ-ஸ்டோர், பிறர் பார்க்கக் கூடாத தனிப்பட்ட விவரங்கள் இருக்கும் பக்கங்களுக்கு உரியது. திருத்தம் உடனே தெரிய நோ-கேஷ் போதும்.

## பாதி புதிது, பாதி பழையது

முழுப் பழைய பக்கத்தைவிட மோசமான ஒன்று உண்டு, அது கலந்து வரும் பக்கம். கோப்புகளுக்குத் தனித்தனிக் கெடு என்பதால், எச்டிஎம்எல் புதிதாக வந்து சிஎஸ்எஸ் பழையதாகவே இருக்கலாம். அப்போது எழுத்துகள் சிதறிக் கிடக்கும், பட்டன் இடம் மாறி நிற்கும். ஜாவாஸ்கிரிப்ட் பழையது என்றால் படிவத்தை நிரப்பி அனுப்பும்போது ஒன்றுமே நடக்காது. இந்த நிலை தளத்தை உருவாக்கியவர் ஒருபோதும் சோதித்துப் பார்த்திருக்க மாட்டாத ஒரு சேர்க்கை.

தலைகீழாகவும் நடக்கும். வாசகரிடம் பழைய எச்டிஎம்எல் இருக்கிறது, அது பழைய ஜாவாஸ்கிரிப்ட் கோப்பைக் கேட்கிறது. புதிய பதிப்பை ஏற்றியபோது சர்வரில் அந்தக் கோப்பை அழித்துவிட்டார்கள். விளைவு 404, அதாவது 'கோப்பு இல்லை' என்ற பதில், வாசகருக்கு வெள்ளைத் திரை. சர்வரில் எல்லாம் சரியாக இருப்பதால் கண்காணிப்பவருக்கு எதுவும் தவறாகத் தெரியாது.

"ரீலோட் செய்தேனே, அப்போதும் பாதிதானே மாறியது" என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். குரோம், சாதாரண ரீலோடில் முக்கியப் பக்கத்தை மட்டும் சர்வரிடம் சரிபார்க்கும்படி தன் நடத்தையை மாற்றிக்கொண்டதாக 2017 தொடக்கத்தில் அறிவித்தது. பக்கத்துக்குள் இருக்கும் மற்றக் கோப்புகள் கெடுவுக்குள் இருந்தால் கையிருப்பிலிருந்தே வரும். எல்லாவற்றையும் புதிதாக வாங்க கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். கைபேசியில் அதற்குச் சமமான எளிய வழி இல்லை.

## தீர்வு முகவரியில் இருக்கிறது

பிரவுசர் முகவரியைத்தான் அடையாளமாகக் கொள்கிறது என்று பார்த்தோம். கெடுவைத் திரும்ப வாங்க முடியாது என்றும் பார்த்தோம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வழி கிடைக்கிறது: உள்ளடக்கம் மாறும்போது முகவரியையும் மாற்றிவிடலாம். 'ஸ்டைல்.சிஎஸ்எஸ்' என்பதற்குப் பதில் 'ஸ்டைல்-48213.சிஎஸ்எஸ்' என்று பெயர். அந்த எண் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படுவது. ஓர் எழுத்து மாறினாலும் எண் மாறும், பெயர் மாறும். பிரவுசரைப் பொறுத்தவரை இது இதுவரை பார்த்திராத புதுக் கோப்பு, அதனால் கேட்டு வாங்கியே ஆக வேண்டும்.

நடைமுறையில் இப்படி அமைக்கலாம்:

1. சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், எழுத்துரு, தளத்தின் படங்கள் ஆகியவற்றுக்கு உள்ளடக்க எண் சேர்ந்த பெயர். கெடு ஒரு வருடம். கூடவே 'இம்யூட்டபிள்' என்ற சொல்லையும் சேர்க்கலாம். "இது மாறவே மாறாது, ரீலோட் செய்தாலும் கேட்காதே" என்று பொருள். 2017-ல் ஆர்எஃப்சி 8246 மூலம் இது முறைப்படுத்தப்பட்டது. எல்லாப் பிரவுசரும் இதைக் கவனிப்பதில்லை, ஆனாலும் இருந்தால் கெடுதல் இல்லை.
2. எச்டிஎம்எல் பக்கத்தின் முகவரியை மாற்ற முடியாது, வாசகர் அதைத்தான் நினைவில் வைத்திருக்கிறார். ஆகவே அதற்கு நோ-கேஷ். ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வி, பெரும்பாலும் 304. மாறியிருந்தால் புதிய பக்கம் உடனே வரும், அதிலிருக்கும் புதிய பெயர்கள் மற்றவற்றை இழுத்துவரும்.
3. ஏற்றும்போது முதலில் புதிய பெயருள்ள கோப்புகள், கடைசியில் எச்டிஎம்எல். வரிசை மாறினால் இன்னும் வந்து சேராத கோப்பைப் பக்கம் கேட்கும்.
4. பழைய பெயருள்ள கோப்புகளைச் சில வாரங்களாவது அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். நேற்றுத் திறந்த பக்கத்தை இன்னும் மூடாத வாசகர்கள் இருப்பார்கள்.

இதைத் தானாகச் செய்யும் கருவிகள் நிறைய உண்டு. வெப்பேக், வைட் போன்றவை பெயரில் எண் சேர்ப்பதையும் எச்டிஎம்எல்லில் அதை மாற்றுவதையும் பார்த்துக்கொள்ளும். கருவி இல்லாத சின்னத் தளத்தில் முகவரியின் கடைசியில் கேள்விக்குறி போட்டுப் பதிப்பு எண் சேர்த்தாலும் பிரவுசர் அதை வேறு முகவரியாகவே எடுத்துக்கொள்ளும். ஆனால் கையால் மாற்றுவதால் ஒரு நாள் மறந்துபோகும். மறக்கும் அந்த நாளில்தான் அவசரத் திருத்தம் வந்திருக்கும்.

## விட்டுப்போகும் இடங்கள்

பிடிஎஃப் கோப்புகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். சுற்றறிக்கையில் பிழை இருந்தால் திருத்தி, அதே பெயரில் மேலே ஏற்றிவிடுவது வழக்கம். அந்த பிடிஎஃப் முகவரியை ஏற்கெனவே திறந்தவருக்குப் பழையதே திறக்கும், திறந்தது பழையது என்று கண்டுபிடிக்கவும் வழி இருக்காது. திருத்திய பிடிஎஃப்-க்குப் புதிய பெயர் கொடுத்து, பக்கத்தில் இணைப்பை மாற்றுவது நல்லது. ஆவணத்துக்குள்ளேயே திருத்திய தேதியை எழுதுவது அதைவிட நல்லது, கேஷ் என்ன செய்தாலும் வாசகருக்கு அது உதவும். பழைய முகவரியை நேரடியாகப் பிறருக்கு அனுப்பியிருப்பார்கள் என்பதால் அங்கேயும் திருத்திய பிரதி இருக்கட்டும்.

301 என்ற நிரந்தர வழிமாற்றமும் கேஷில் உட்காரும். "இந்த முகவரி நிரந்தரமாக அங்கே போய்விட்டது" என்று சர்வர் ஒருமுறை சொன்னால், பிரவுசர் அதை நீண்ட காலம் நம்பலாம், பழைய முகவரிக்குப் போய்க் கேட்காமலே இருக்கலாம். தவறான இடத்துக்கு 301 கொடுத்துவிட்டால் திருத்துவது கடினம். உறுதியாகும் வரை 302 என்ற தற்காலிக வழிமாற்றத்தைப் பயன்படுத்துங்கள்.

முந்தைய பக்கத்துக்குத் திரும்பும் பட்டனை அழுத்தும்போது தெரியும் பழைய பக்கம் வேறு வகை. பக்கத்தையே உறைந்த நிலையில் நினைவகத்தில் வைத்திருந்து அப்படியே எழுப்பும் ஏற்பாடு அது. இங்கே பேசும் கேஷோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், ஒரு ரீலோடில் சரியாகிவிடும்.

## இடையில் நிற்பவர்கள்

பெரிய தளங்களுக்கு சர்வருக்கும் வாசகருக்கும் நடுவே சிடிஎன் இருக்கும். உலகின் பல இடங்களில் பிரதிகளை வைத்து, அருகிலிருந்து கொடுக்கும் வலையமைப்பு அது. அதற்கும் கேஷ் உண்டு. பிரவுசர் கேஷிலிருந்து அது ஒரு முக்கியமான விஷயத்தில் வேறுபடுகிறது: சிடிஎன்-இல் உள்ள பிரதியைத் தளத்தவர் நினைத்த நேரத்தில் நீக்கச் சொல்லலாம். வாசகரின் பிரவுசருக்கு அப்படிக் கட்டளை இட முடியாது. அதனால் சிடிஎன் போன்ற, பலருக்குப் பொதுவான கேஷ்களுக்கு மட்டும் பொருந்தும் 'எஸ்-மேக்ஸ்ஏஜ்' கெடுவை நீளமாகவும், பிரவுசருக்கான மேக்ஸ்-ஏஜைக் குறைவாகவும் வைப்பது சரியான ஏற்பாடு. திருத்தம் செய்துவிட்டு சிடிஎன்-ஐ மட்டும் சுத்தம் செய்தவர்கள், எல்லாருக்கும் புதியது போய்விட்டது என்று நம்பிவிடுவதை அடிக்கடி பார்க்கலாம். அது பாதி வேலைதான்.

இன்னொருவர் சர்வீஸ் வொர்க்கர். தளம் வாசகரின் பிரவுசரில் பதித்துவைக்கும் சிறு நிரல் இது. இணைப்பு இல்லாதபோதும் தளம் திறப்பதற்கு இது உதவுகிறது. தன் சேமிப்பிலிருந்து பக்கத்தை எடுத்துத் தரும்படி எழுதியிருந்தால் ஹெடர்கள் சொல்வது எதுவும் எடுபடாது. புதிய சர்வீஸ் வொர்க்கர் வந்தாலும், பழையது இயங்கும் டேப்கள் எல்லாம் மூடும் வரை அது காத்திருக்கும். மாதக்கணக்கில் டேப்பை மூடாதவர்கள் எத்தனை பேர் என்று யோசித்தால், ஆஃப்லைன் வசதி உண்மையிலேயே தேவையில்லாத தளம் இதைத் தொடாமல் இருப்பது மேல்.

## ஏற்கெனவே நீண்ட கெடு கொடுத்தாகிவிட்டது என்றால்

மாற்றம் வரப்போவது முன்பே தெரிந்தால் வேலை சுலபம். இப்போதைய கெடு 7 நாள், மாற்றம் 20-ஆம் தேதி என்று வைத்துக்கொள்வோம். 13-ஆம் தேதிக்கு முன்பே கெடுவை ஐந்து நிமிடமாகக் குறைத்துவிட்டால், 20-ஆம் தேதி யாரிடமும் ஐந்து நிமிடத்துக்கு மேல் பழைய பிரதி செல்லுபடியாகாது. மாற்றம் முடிந்து சரிபார்த்த பிறகு பழைய கெடுவுக்குத் திரும்பலாம்.

முன்பே தெரியாமல் மாட்டிக்கொண்டால்:

1. தவறு சிஎஸ்எஸ், படம், ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றில் என்றால், எச்டிஎம்எல்லில் பெயரை மாற்றிப் புதிய கோப்பைச் சுட்டுங்கள். பழைய கெடு எவ்வளவு நீளமாக இருந்தாலும் கவலை இல்லை.
2. தவறு எச்டிஎம்எல்லிலேயே என்றால், முதல் வேலையாக ஹெடரைத் திருத்துங்கள், அப்புறம் உள்ளடக்கம். தவறான ஹெடர் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் அதே நீண்ட கெடுவோடு இன்னும் சிலர் பிரதி எடுத்துக்கொண்டிருப்பார்கள்.
3. 'கிளியர்-சைட்-டேட்டா' என்ற ஹெடரை அனுப்பினால், அந்தத் தளத்துக்காகச் சேமித்ததை அழிக்கும்படி பிரவுசரைக் கேட்கலாம். பிரவுசருக்குப் பிரவுசர் ஆதரவு வேறுபடும். பிரவுசர் ஏதாவது ஒரு கோப்புக்காகவாவது சர்வரைத் தொட்டால்தான் இந்தச் செய்தியே போய்ச் சேரும்.
4. திருத்தம் முக்கியமானது என்றால், புதிய முகவரியில் ஒரு பக்கம் வெளியிட்டு, மின்னஞ்சல், குறுஞ்செய்தி போன்ற மற்ற வழிகளில் அந்த முகவரியை அனுப்புங்கள். புதிய முகவரிக்கு யாரிடமும் பழைய பிரதி இருக்காது.
5. நீண்ட கெடுவை அனுப்புவது நின்ற நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதோடு மேக்ஸ்-ஏஜைக் கூட்டினால் வரும் நாள்தான் கடைசிப் பழைய பிரதியின் கெடு முடியும் நாள். 1-ஆம் தேதி மாலை நிறுத்தினீர்கள், கெடு 30 நாள் என்றால், 31-ஆம் தேதி மாலை வரை யாரோ ஒருவர் பழைய பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கலாம். அதுவரை பழைய தொலைபேசி எண்ணைத் துண்டிக்காதீர்கள், பழைய படிவத்தில் வரும் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பாதீர்கள்.